மலையும் மனையும் – 7: ஆறிப்போகாத படுக்கை

கனடாவின் விஸ்லர் ஊர் நடுவே இருக்கும் காண்டோ ஹோட்டல் ஒன்றில் அறை எடுத்தால், கதவுக்குப் பின்னால் ஒரு சிறு வீடே இருக்கும். அடுப்பு, ஃப்ரிட்ஜ், நாலைந்து பேருக்குப் போதுமான தட்டும் கரண்டியும், இழுத்தால் கட்டிலாகிற சோபா, சுவரோடு பதித்த கேஸ் கணப்பு, நனைந்த கையுறைகளை மாட்டக் கதவோரம் கொக்கிகள். இத்தகைய அறைகள் பலவற்றில் பூட்டிய அலமாரி ஒன்றும் இருப்பதுண்டு. வரவேற்பு மேசையில் கொடுத்த சாவி அதற்குச் சேராது. வேறொரு குடும்பத்தின் பனிச்சறுக்குக் காலணிகளும் கம்பளி உடைகளும் போர்வைகளும் அதற்குள் இருக்கும். இந்த அறைக்குத் தனியாக ஓர் உரிமையாளர் இருக்கிறார் என்பதற்கு விருந்தாளியின் கண்ணில் படுகிற ஒரே அடையாளம் அந்த அலமாரிதான். அவர் வான்கூவரிலோ சியாட்டிலிலோ லண்டனிலோ இருக்கலாம். பத்திரம் அவர் பெயரில். சொத்து வரியும் அவர் தலையில். ஆனால் இந்த வகைக் கட்டடங்கள் பலவற்றில் அவர் தம் சொந்த அறையில் ஆண்டுக்கு 56 நாள்களுக்கு மேல் தங்க முடியாது. கோடைக்காலத்தில் 28 நாள், குளிர்காலத்தில் 28 நாள். மீதி நாள்களில் அது வழிப்போக்கர்களுக்கு. சொந்த வீட்டுக்குள் போகவிடாமல் ஒருவரைத் தடுப்பது அநியாயமாகத் தோன்றலாம். அந்தத் தடைதான் விஸ்லரை ஊராக வைத்திருக்கிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், எதிர்த்தரப்பில் சொல்லப்படுவதையும் இந்த வாரம் பார்த்துவிடலாம்.

முதலில் காண்டோ ஹோட்டல் என்பதன் கட்டமைப்பு. நம் ஊர் அடுக்குமாடிகளில் ஃப்ளாட் வாங்குபவருக்குச் சுவர்களுக்கு உட்பட்ட இடமும், நிலத்தில் பிரிபடாத பாகமும் சேர்ந்து கிடைப்பதைப் போலத்தான் அங்கும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அதற்கு ஸ்ட்ராட்டா உரிமை என்று பெயர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1961-ல் இயற்றிய சட்டத்தின் வழியில் அந்த மாகாணம் 1966-ல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த உரிமையை ஹோட்டலுக்குப் பொருத்தினால் காண்டோ ஹோட்டல். கட்டுபவர் ஒவ்வோர் அறையையும் தனித்தனிப் பத்திரமாக விற்றுவிடுவார். வரவேற்பு மேசை, துப்புரவு, முன்பதிவு எல்லாவற்றையும் ஒரு நிர்வாக நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வருகிற வாடகையைத் தொகுப்பில் போட்டு, செலவும் நிர்வாகக் கூலியும் கழித்து, மிச்சத்தை உரிமையாளர்களுக்குப் பங்கு பிரிக்கும். இதில் கட்டுபவருக்கு இருக்கும் லாபம் தெளிவானது. மலை ஊர் ஹோட்டலுக்குச் சில மாதம் கூட்டம், சில மாதம் ஈயோட்டம். அப்படிப்பட்ட தொழிலுக்குப் பெருந்தொகையை நீண்ட காலக் கடனாகக் கொடுக்க வங்கிகள் தயங்கும். நூறு அறைகளை நூறு பேரிடம் விற்றால், அந்த நூறு பேரும் ஆளுக்கொரு கடன் வாங்கிக் கட்டடத்துக்குப் பணம் போட்டுவிடுகிறார்கள். நடுத்தர வசதி உள்ளவர்களின் சேமிப்பைச் செங்கல்லாக்கியே வட அமெரிக்காவின் பல மலை ஊர்கள் எழுந்தன.

விஸ்லர் வான்கூவருக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில், ஸ்குவாமிஷ், லில்வாட் என்ற இரு தொல்குடிகளின் நிலப்பரப்பில் இருக்கிறது. லண்டன் மலை என்று வரைபடத்தில் இருந்ததை, பாறை இடுக்கில் சீழ்க்கையடிக்கும் மர்மாட்டுகளை வைத்து விஸ்லர் மலை என்று மாற்றினார்கள். 1966-ல் முதல் பனிச்சறுக்கு ஏற்றிகள் ஓடின. அடிவாரத்தில் வீடுகள் ஆளுக்கொரு திசையில் முளைக்கத் தொடங்கியதும் மாகாண அரசு கட்டுமானத்தை நிறுத்திவைத்தது. 1975-ல் தனிச் சட்டம் இயற்றி இதை ‘ரிசார்ட் நகராட்சி’ ஆக்கியது. கனடாவில் அந்த வகையில் இதுவே முதல். ஊருக்கு ஒரே மையம் என்று முடிவானபோது அதற்குக் கிடைத்த இடம், அதுவரை குப்பைமேடாக இருந்து கரடிகள் மேய்ந்த நிலம். சென்ற வாரம் அமெரிக்காவின் வெய்ல் மலை ஊரின் நடைபாதைகளைப் பற்றிச் சொல்லும்போது குறிப்பிட்ட நிலவடிவமைப்பாளர் எல்டன் பெக்கைத்தான் இங்கும் அழைத்தார்கள். கார்களை நிலத்துக்கு அடியில் தள்ளி, மேலே வளைந்து வளைந்து போகும் ஒரு நடைத்தெருவை அவர் வரைந்தார். எந்த முனையில் நின்றாலும் தெரு முழுவதும் தெரியாது. அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கால் தானாக நடக்கும். தரைத்தளத்தில் கடைகளும் உணவகங்களும், அவற்றுக்கு மேலே தங்கும் அறைகள். இந்த அடுக்குமுறைதான் முக்கியம். மேலே ஆள் இருந்தால்தான் கீழே கடை நடக்கும். வரைபடத்தில் பெக் போட்ட கணக்கு, மேல்மாடி ஜன்னல்களில் இரவு விளக்கு எரிவதை நம்பியிருந்தது.

அந்த நம்பிக்கை எவ்வளவு எளிதில் பொய்க்கும் என்பதற்கு ஆல்ப்ஸ் மலை ஊர்கள் சாட்சி. சுவிட்சர்லாந்தில் ‘குளிர்ந்த படுக்கை’, ‘சூடான படுக்கை’ என்று இரண்டு சொற்கள் பேச்சில் புழங்குகின்றன. ஆண்டில் சில வாரம் மட்டும் உரிமையாளர் வந்து படுத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் ஆறிக்கிடப்பது குளிர்ந்த படுக்கை. விருந்தாளி மாறி மாறி வந்து ஆறவிடாமல் வைத்திருப்பது சூடான படுக்கை. ஒரு பள்ளத்தாக்கில் வீடுகள் நிறைய இருந்தும், நவம்பர் மாதத்தில் ரொட்டிக் கடை மூடிக்கிடப்பதற்கும் பேருந்து குறைவதற்கும் குளிர்ந்த படுக்கைகளே காரணம். நகராட்சி அந்த வீடுகளுக்கும் ஆண்டு முழுவதும் குழாயில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், பாதையில் பனி அள்ள வேண்டும். சுவிஸ் மக்கள் 2012 மார்ச் 11-ல் இதற்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஓர் ஊராட்சியில் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற முன்மொழிவு 50.6 சதவீத வாக்கில் நூலிழையில் வென்றது. 2016-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: விருந்தாளிகளுக்கு முறையாக வாடகைக்கு விடப்படும் வீடுகளை அந்த வரம்பைத் தாண்டிய ஊர்களிலும் கட்டலாம். அதாவது யார் வாங்குகிறார் என்பதைவிட, படுக்கை ஆறுகிறதா இல்லையா என்பதைத்தான் அந்தச் சட்டம் பார்க்கிறது. சுவிட்சர்லாந்து 2012-ல் வந்து சேர்ந்த இடத்துக்கு விஸ்லர் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. அதைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான ஆல் ரெய்ன், கனடா தேசியப் பனிச்சறுக்கு அணியின் பயிற்சியாளராக ஐரோப்பிய மலை ஊர்களைச் சுற்றியவர். அவை எங்கே தவறின என்று தெரிந்தவர்கள் கட்டிய ஊர் இது.

விஸ்லர் செய்த ஏற்பாடு பத்திரத்திலேயே இருக்கிறது. மாகாண நிலப் பதிவுச் சட்டத்தின் 219-வது பிரிவு, நகராட்சிக்குச் சாதகமான ஒரு கட்டுப்பாட்டை நிலத்தின் மீதே பதியவைக்க இடம் தருகிறது. நம் மொழியில் சொன்னால், அறையோடு ஒட்டிப் பிறந்த வில்லங்கம். அறை எத்தனை கை மாறினாலும் அது கூடவே போகும். இந்தக் கட்டுப்பாட்டில் இரண்டு வகை. ‘முதல் கட்டம்’ எனப்படும் அறைகளில், விருந்தாளி பதிவு இல்லாத நாள்களில் உரிமையாளர் எவ்வளவு வேண்டுமானாலும் தங்கலாம். மற்றபடி அறை வாடகைக்குத் திறந்திருக்க வேண்டும். ‘இரண்டாம் கட்டம்’ எனப்படுவதில்தான் அந்த 56 நாள் கணக்கு. இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊரின் வளர்ச்சிக்கு நகராட்சி ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதை ‘படுக்கை அலகு’ என்று அளக்கிறார்கள். 55 சதுர மீட்டர் வரையிலான தங்கும் அறைக்கு இரண்டு அலகு, தனி வீட்டுக்கு ஆறு அலகு என்று கணக்கு வைத்து, மொத்தம் 60,000-ஐச் சற்றே தாண்டிய எண்ணிக்கையில் நிறுத்தியிருக்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் ஊரின் நிரந்தர மக்கள்தொகை 13,982தான் என்பதை இதோடு ஒப்பிட்டால் விருந்தாளியின் எடை புரியும். இந்த இரண்டு விதிகளும் ஒன்றை ஒன்று தாங்குகின்றன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. படுக்கைக்கு உச்சவரம்பு வைத்த ஊரில் ஓர் அறை பூட்டிக்கிடந்தால், அதற்குப் பதிலாக இன்னொன்றைக் கட்ட முடியாது. வரம்பு மட்டும் இருந்து வாடகைக் கட்டுப்பாடு இல்லாமல் போனால் ஊர் உள்ளுக்குள் காய்ந்துபோகும். கட்டுப்பாடு மட்டும் இருந்து வரம்பு இல்லாமல் போனால் பள்ளத்தாக்கு முழுக்கக் கட்டடமாகிவிடும்.

இதற்கு முதல் எதிர்ப்பு சொத்துரிமையின் பெயரில் வருகிறது. காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்குள் எப்போது நுழையலாம் என்று சொல்ல நகராட்சி யார்? இந்தக் கேள்வியை அலட்சியமாக ஒதுக்கக் கூடாது. வீடு என்ற சொல்லுக்கு எல்லா ஊரிலும் ஒரு கனம் இருக்கிறது. ஆனால் இங்கே விற்கப்பட்டது வீடுதானா என்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பழைய விடை ஓர் ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஹோவி என்ற நிறுவனம் தன் ஆரஞ்சுத் தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக விற்றது. கூடவே, தோட்டத்தைப் பராமரித்துப் பழம் பறித்து விற்றுத் தருகிறோம் என்று ஒரு பராமரிப்பு ஒப்பந்தத்தையும் கொடுத்தது. விற்ற நிலத்தில் 85 சதவீதம் அந்த ஒப்பந்தத்துக்குள் வந்தது. வாங்கியவர்களில் பலர் அதே நிறுவனம் அருகில் நடத்திய ஒரு சுற்றுலா ஹோட்டலின் விருந்தாளிகள். வெளியூர்க்காரர்கள், மரம் வளர்க்கத் தெரியாதவர்கள். இது நில விற்பனை அன்று, பிறர் உழைப்பில் லாபம் எதிர்பார்க்கும் முதலீட்டு ஒப்பந்தம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-ல் தீர்ப்பளித்தது. 1973-ல் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் அதே அளவுகோலைக் காண்டோ அறைகளுக்கும் நீட்டியது: வாடகைத் தொகுப்போடு சேர்த்து, வருமானத்தைக் காட்டி விற்றால் அந்த அறையும் பங்குப் பத்திரத்தைப் போன்றதே. ஆரஞ்சு மரம் போன இடத்தில் கட்டில் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. வரவேற்பு மேசையும் துப்புரவுப் பணியாளரும் இல்லாவிட்டால் அந்த அறைக்கு அந்த விலை கிடையாது. அப்படியிருக்க, அறையை வாங்கியவர் ஒரு தொழிலில் பங்கு வாங்கியிருக்கிறார். ஹோட்டல் நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர், நினைத்தபோது வந்து அறையைப் பூட்டிக்கொள்ளலாம் என்று யாரும் சொல்வதில்லை. மேலும் விஸ்லரில் கட்டுப்பாடு பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. வாங்கிய பிறகு திணிக்கப்பட்டது இல்லை. இரண்டாம் கட்ட அறைகள் மற்றவற்றைவிட மலிவாக விற்பதும் அதனால்தான். தள்ளுபடியை வாங்கிக்கொண்டவர், எதற்காக அந்தத் தள்ளுபடி என்பதை மறக்க முடியாது.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிட நுட்பமானது. வாடகை வருமானம் வேண்டுமென்றால் உரிமையாளர்களே அறையை விடுவார்கள்; கட்டுப்பாடு எதற்கு? இணையம் வந்த பிறகு ஒரு கைபேசி போதுமே என்பது இன்றைய வாதம். இதில் விட்டுப்போவது நாள்காட்டி. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, பிப்ரவரியின் நீண்ட வாரயிறுதி, ஆகஸ்ட் மாதம்: உரிமையாளர் வர ஆசைப்படும் நாள்களும் விருந்தாளி கேட்கும் நாள்களும் ஒன்றே. உரிமையாளர் விருப்பத்துக்கு விட்டால், ஊருக்கு மிகத் தேவையான வாரத்தில் அறைகள் கைவிட்டுப் போகும். யாரும் வராத மே மாதத்தில் தாராளமாகக் கிடைக்கும். இன்னொன்று, பூட்டி வைப்பவருக்குப் பூட்டுவதால் வரும் நஷ்டத்தைவிட, மற்றவர்கள் திறந்து வைப்பதால் வரும் லாபம் பெரிது. தெருவில் கூட்டமும் உணவகத்தில் வெளிச்சமும் இருப்பதால்தான் அவர் அறையின் விலை ஏறுகிறது. அந்தக் கூட்டத்தைத் தருவது பக்கத்து அறைக்காரரின் விருந்தாளி. எல்லோரும் இப்படியே கணக்குப் போட்டால் கூட்டம் இருக்காது. தனித்தனியாக நியாயமாகத் தெரியும் முடிவுகள் சேர்ந்து ஊரைக் கெடுப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. விஸ்லரில் இதே காரணத்துக்காகத்தான் சுற்றுலா விளம்பரச் செலவையும் பொதுவாக்கியிருக்கிறார்கள். ரிசார்ட் நிலத்தில் சொத்து வைத்திருப்பவர்கள் எல்லோரும் அங்குள்ள சுற்றுலாச் சங்கத்தில் கட்டாய உறுப்பினர்கள், ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துபவர்கள்.

மூன்றாவது எதிர்ப்பில் உண்மை அதிகம். அதை மறைப்பது முறையாகாது. பலருக்கு இந்த அறைகள் லாபம் தருவதில்லை. வாடகையிலிருந்து நிர்வாகக் கூலி போகும், முன்பதிவு முகவர் கழிவு போகும், மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் போகும். அறைகளை முழுதாகப் புதுப்பிக்க வேண்டிய காலம் வரும்போது ஒவ்வோர் உரிமையாளரிடமும் பெருந்தொகை கேட்கப்படும். அறைகளுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளும் வழக்கமான வீட்டைவிட அதிக முன்பணம் எதிர்பார்க்கும். ஊரின் தொடக்கமே இந்த அபாயத்தைக் காட்டிவிட்டது. 1981-ல் கனடாவின் மத்திய வங்கி வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியபோது, பாதி கட்டிய ஊர்மையத்தில் வேலை நின்றது. நில மேம்பாட்டு நிறுவனத்தை மாகாண அரசே எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. ஆனால் இந்த நஷ்டங்களுக்குக் காரணம் 56 நாள் விதியா? அறையில் உரிமையாளர் கூடுதலாக 40 நாள் தங்கினால் வாடகை இன்னும் குறையுமே தவிர ஏறாது. இங்கே தேவைப்படுவது வாங்குபவருக்குக் கணக்கை முழுதாகத் திறந்து காட்டுவது. அமெரிக்க முறை இந்த இடத்தில்தான் தடுமாறியது என்பேன். வருமானத்தைப் பேசினால் பங்குச் சந்தைச் சட்டம் பாயும் என்று விற்பனையாளர்கள் பலர் வருமானத்தைப் பற்றி வாயே திறக்காமல் விற்கப் பழகிக்கொண்டார்கள். முதலீட்டாளரைக் காக்க வந்த விதியால், அவர் முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போனது.

விருந்தாளியின் பக்கமும் ஒன்று உண்டு. காண்டோ ஹோட்டலின் நன்மை அடுப்பும் கூடமும் என்பது வெளிப்படை. நாலு பேர் குடும்பம் இரண்டு வேளை அறையிலேயே சமைத்துக்கொண்டால் மலை ஊரின் உணவக விலையிலிருந்து தப்பலாம். ஆனால் முதல் கட்டக் கட்டடங்கள் சிலவற்றில் ஒவ்வோர் உரிமையாளரும் தமக்குப் பிடித்த நிர்வாகியை வைத்துக்கொள்கிறார். ஒரே நடையில் 301-க்குச் சாவி கீழே மேசையில் கிடைக்கும்; 302-க்கு எண்பூட்டின் குறியீடு குறுஞ்செய்தியில் வரும்; 303-க்கு வேறொரு தெருவிலிருக்கும் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். ஒன்றில் மெத்தை புதிது, அடுத்ததில் பதினைந்து வயது. நள்ளிரவில் வெந்நீர் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பது கட்டடத்தைப் பொறுத்ததில்லை, அறையைப் பொறுத்தது. பதிவு செய்யும் முன் கட்டடத்தின் பெயரைவிட, அந்த அறையை நடத்துபவர் யார், துப்புரவுக் கட்டணம் தனியா, மேசையில் இரவில் ஆள் உண்டா என்று கேட்பதுதான் பயன் தரும். ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் இரண்டாம் கட்டக் கட்டடங்களில் இந்தக் குழப்பம் குறைவு. உரிமையாளரை அதிகம் கட்டுப்படுத்தும் விதி விருந்தாளிக்குச் சீரான ஹோட்டலைத் தருகிறது என்பதையும் என் வாதத்தின் கணக்கில் சேர்க்கிறேன்.

கடைசியாக, மிகக் கனமான எதிர்ப்பு. விருந்தாளியின் படுக்கைக்கு இவ்வளவு காவல் போட்ட ஊர், அந்தப் படுக்கையை விரிப்பவர் எங்கே தூங்குகிறார் என்று கேட்டதா? நீண்ட காலம் போதுமான அளவு கேட்கவில்லை. ஏற்றியை இயக்குபவரும் சமையற்காரரும் கூட்டறைகளிலும் வண்டிகளிலும் படுத்த காலம் உண்டு, இன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இதற்கு மருந்து, வாடகைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி அந்த அறைகளில் நிரந்தரமாகக் குடியிருக்க விடுவது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படித் திறந்துவிட்டால் அங்கே குடிவருபவர் சமையற்காரராக இருக்கமாட்டார். நடைத்தெருவின் மேல் அறை வாங்க அவர் கையில் காசு இருக்காது. சுற்றுலா அறைக்கும் குடியிருப்புக்கும் நடுவே கோட்டை இரண்டு பக்கமும் உறுதியாகப் போடுவதே வழி. விஸ்லர் அதைச் செய்யவும் முயன்றது. குடியிருப்புப் பகுதி வீட்டை இரவு வாடகைக்கு விட்ட ஒரு வழக்கில், அது அந்த மண்டலத்துக்கு ஒவ்வாத பயன்பாடு என்று நகராட்சி வாதிட்டு வென்றது. 2002-ல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2024 மே மாதம் மாகாணத்தின் பல ஊர்களுக்குக் குறுகிய கால வாடகை விதி நடைமுறைக்கு வந்து, நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டை மட்டுமே அப்படி விடலாம் என்றபோது, விஸ்லர் போன்ற ரிசார்ட் நகராட்சிகளுக்கு விலக்கு அளித்தார்கள். எந்த வீட்டில் யார் தூங்கலாம் என்ற கோடு அங்கே ஏற்கெனவே மண்டல வாரியாகப் போடப்பட்டிருந்தது.

1997-ல் ஊர் தனக்கென ஒரு வீட்டுவசதி ஆணையத்தை அமைத்தது. வேலை செய்பவர்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் ஊருக்குள்ளேயே வாழ வேண்டும் என்பது இலக்கு. 2010 குளிர்கால ஒலிம்பிக்கின்போது வீரர்கள் தங்கிய குடியிருப்பு, போட்டிகள் முடிந்ததும் சீக்கமஸ் கிராசிங் என்ற பெயரில் ஊழியர்களுக்கான பகுதியாக மாறியது. நடைத்தெருவுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் அந்த வீடுகளின் பத்திரங்களிலும் ஒரு கட்டுப்பாடு பதிவாகியிருக்கிறது. அங்கே அது சொல்வது நேர்மாறு: வாங்கியவர் விஸ்லரில் வேலை செய்பவராக இருக்க வேண்டும், அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும், விருந்தாளிக்கு விடக் கூடாது, விற்கும்போது குறித்த விலைக்கு மேல் கேட்கக் கூடாது. காலையில் அங்கிருந்து பேருந்து ஏறும் பெண், நடைத்தெருவின் மேல்மாடியில் பூட்டிய அலமாரி உள்ள அறையின் படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு, மாலையில் தன் வீட்டுக்குத் திரும்புகிறார். அந்த வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியல் இன்னும் நீளமாக இருக்கிறது.

(தொடரும்)